இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவில்

வரிசையில் நிற்பது எனக்குப் புதிதல்ல. தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான லயத்துப் பைப்படியில் நின்றிருக்கிறேன், கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றிருக்கிறேன், கடவுச்சீட்டுக்காகக் கொழும்பில் கால் கடுக்க நின்றிருக்கிறேன். வளைகுடா விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் நிற்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. பொறுக்க முடியாமல் போனது என் மேடத்துக்குத்தான்.

மேடம் துணி வியாபாரி. மாதத்தில் இரண்டு மூன்று தடவை வேறு நாடுகளுக்குப் பறப்பவர். சர்க்கரை வியாதி முற்றிப் போயிருந்ததால் ஊசி மருந்துப் பையோடு நானும் கூடவே போக வேண்டும். பையை அவரே தூக்கலாமே என்று கேட்காதீர்கள், அவர் தூக்கினால் பிறகு நான் எதற்கு? அடிக்கடி பயணம் செய்கிறவர்களுக்கென்று அங்கே ஓர் அட்டை உண்டு. அதை இயந்திரத்தில் செருகி விரலை வைத்தால் கதவு திறக்கும். குடிவரவு அதிகாரியின் முகத்தைக்கூடப் பார்க்கத் தேவையில்லை. மேடம் ஒரு நிமிடத்தில் அந்தப் பக்கம் போய்விடுவார், நான் கூலியாட்களின் வரிசையில் ஊர்ந்துகொண்டிருப்பேன். ஒருநாள் அப்படி எனக்காகக் காத்திருந்தபோது மயங்கி விழுந்துவிட்டார். மருந்துப் பை இந்தப் பக்கம் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

உனக்கும் அட்டை எடுத்துத் தருகிறேன் என்றார் மேடம். கிடைக்காவிட்டால் அட்டை இருக்கிற வேறொருத்தியைத்தான் பார்க்க வேண்டிவரும் என்றும் சொன்னார். மிரட்டவில்லை, அவருடைய பேச்சே அப்படித்தான். பதினொரு வருடம் அவரோடு இருந்திருக்கிறேன், எனக்கு வேறு வேலையும் தெரியாது.

அட்டை இரண்டு வாரத்தில் வந்தது. முதல் தடவை அதைச் செருகி விரலை வைத்தேன். முன்னால் இருந்த கண்ணாடிக் கதவு திறந்தது. உள்ளே ஓராள் நிற்கிற அளவு இடம், அதற்கு அப்பால் இன்னொரு கண்ணாடிக் கதவு. உள்ளே போனதும் பின்கதவு மூடும், கமராவைப் பார்க்க வேண்டும், முன்கதவு திறக்கும். மேடம் எனக்கு இதைப் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்திருந்தார். பின்கதவு மூடியது. முன்கதவு திறக்கவில்லை. திரையில் சிவப்பு எழுத்து வந்தது: ஒருவர் மட்டும் நிற்கவும்.

திரும்பிப் பார்த்தேன். என்னைத் தவிர யார் அங்கே நிற்க முடியும்? அதிகாரி வந்து திறந்துவிட்டு, பையைத்தான் இன்னோர் ஆள் என்று இயந்திரம் நினைத்திருக்கும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். பை இல்லாமல் போனேன். ஒருவர் மட்டும் நிற்கவும். வயிற்றில் பிள்ளை ஏதும் இருக்கிறதா என்று கிண்டலடித்தார் அந்த மனிதர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூன்றாவது தடவையும் போய் நின்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். முன்கதவுக் கண்ணாடியில், என் முழங்கால் உயரத்தில், வட்டமாகக் கொஞ்சம் ஆவி படிந்திருந்தது. அது சுருங்கியது. பிறகு விரிந்தது. மறுபடி சுருங்கியது. என் மூச்சுப் போய்ப் படுகிற உயரமில்லை அது. அதிகாரியும் பார்த்தார். குனிந்து தன் சட்டைக் கையால் வெளிப்பக்கம் துடைத்தார். போகவில்லை. உள்பக்கம் படிந்தது வெளியே துடைத்தால் எப்படிப் போகும்? அதற்குப் பிறகு அவர் கிண்டல் எதுவும் பேசவில்லை, என்னைச் சாதாரண வரிசைக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த இரண்டு பயணத்திலும் இதே கதை. அட்டையை நிறுத்தி வைத்தார்கள். நான்தான் நான் என்று மறுபடி சரிபார்க்க வேண்டுமாம், ஊரில் புதிதாக எடுத்த பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒரு மாதத்துக்குள் வேண்டுமாம். மேடம் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். கடதாசியோடு வா, இல்லாவிட்டால் வராதே என்றார்.

அம்மா ஹல்துமுல்லைக்கு மேலே தோட்டத்து லயத்தில் தனியாக இருக்கிறாள். அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடம். கண்ணாடியில் படிந்த ஆவியைப் பற்றி அவளிடம் நான் மூச்சு விடவில்லை, பிறப்புப் பத்திரம் பழசாகிவிட்டது, பதுளையில் புதுசு எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அப்புத்தளைக்குப் போவதென்றாலே இடுப்பு வலி என்று புலம்புகிறவள், நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் புறப்பட்டு நின்றாள். பஸ்ஸில் எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு உட்கார்ந்தாள். சனம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது, கிட்ட வந்து உட்காரம்மா என்றேன். காதில் விழாததுபோல வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பண்டாரவளையில் ஒரு பெண் அந்த இடத்தில் உட்காரப் பார்த்தபோது, ஆள் இருக்கு என்று சட்டென்று சொல்லிவிட்டாள்.

பதுளைப் பதிவு அலுவலகத்தில், அந்தக் கந்தோரில், பதிவேடு பார்க்கிறவர் யாழ்ப்பாணத்துப் பக்கத்து மனிதர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பெரிய புத்தகத்தைப் புரட்டினார். என் பழைய பத்திரம் சிங்களத்தில் எழுதியது, அதில் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் வாசித்ததில்லை. அவர்தான் வாசித்துச் சொன்னார், பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்திருக்கிறீர் என்று.

நான் ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை. மழையில் பாதை உடைந்து லொறி வராமல் லயத்திலேயே பிறந்தேன், கொடியை வெட்டியது பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவள். இந்தக் கதையை அம்மா வாயால் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "அம்மா, இது மூத்த பிள்ளையின்ர பத்திரமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா தலையாட்டினாள்.

எனக்கு முன்னால் ஓர் அக்கா பிறந்து, பதினோராம் மாதம் காய்ச்சலில் போய்விட்டாள் என்பது எனக்குத் தெரியும். சாவைப் பதியவில்லை என்பது தெரியாது. நான் பிறந்ததையும் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பத்திரம் கேட்டபோது வீட்டில் இருந்த பத்திரத்தை அப்பா கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அக்கா சட்டையைத் தங்கச்சிக்குப் போட்டுவிடுகிற மாதிரி. தோட்டத்தில் எத்தனையோ வீட்டில் நடந்ததுதான், நானே இன்னொரு பிள்ளையை அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். செத்துப்போன அப்பாவுக்கு அம்மா வருடா வருடம் இலை போட்டுப் படைக்கிறாள், அந்தப் பிள்ளைக்கு ஒரு தடவைகூடப் படைத்ததில்லை. அங்கே நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

"அப்ப எனக்கு என்ன பேரும்மா வச்ச?"

"ஒனக்கா? தனியா வைக்கல. அதான் ஏற்கனவே ஒண்ணு இருந்துச்சே" என்றாள் அம்மா. பருப்பில் உப்புப் போட்டாச்சா என்று கேட்டால் பதில் சொல்வாளே, அதே குரல்.

அந்த மனிதர் நல்லவர். மலைப்பக்கம் இது நடக்கிறதுதான் பிள்ளை என்று சொல்லி, இரண்டு வழி காட்டினார். ஒன்று, இந்தப் பிரதியை இப்படியே எடுத்துக்கொண்டு போவது, மத்தியானத்துக்குள் கைக்கு வந்துவிடும். மற்றது, மூத்த பிள்ளை இறந்துவிட்டதென்று தாய் எழுதிக் கொடுத்து, என் பிறப்பைப் புதிதாகப் பதிவது. அதற்கு மாதக் கணக்காகும், கடவுச்சீட்டிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

எனக்கு வேலை வேண்டும். ஆனால் அந்த நிமிடம், வேலை போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தது. அந்த ஓராள் இடத்தில் நான் மட்டும் நிற்க வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அக்காவை இறக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு கைநாட்டு வைம்மா என்றேன். மைப்பெட்டியைக்கூட நானே திறந்து அவள் முன்னால் தள்ளினேன்.

அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"செத்துப்போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். அது பள்ளிக்கொடம் போச்சு, பெரிய மனுசியாச்சு, இப்ப பிளேன்ல போயிட்டு வருது. அத எப்புடி செத்துச்சுன்னு சொல்றது?"

"அப்ப இந்தப் பிள்ளை ஆர் அம்மா?" என்று கேட்டார் அவர்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். பக்கத்து லயத்துப் பிள்ளை சீனி கேட்டு வந்தால் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"ஒண்ண செத்துச்சுன்னு எழுதித்தான் ஆகணும்னா இத எழுதிக்கிங்க சார். இதுக்குத்தான் எங்கயுமே ஒண்ணும் எழுதலியே."

அவர் பெரிய புத்தகத்தை மூடினார். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது, கத்த வேண்டும்போல இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மனிதர் பிரதி எடுக்கிற படிவத்தை என் பக்கம் நகர்த்தி, பேனாவைத் தந்தார். பிறந்தவருக்கும் விண்ணப்பிக்கிறவருக்கும் என்ன உறவு என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. நானே என்று எழுதினேன்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. என் தோளுக்கு மேலால் எட்டி அந்தக் கட்டத்தைப் பார்த்தவள், முகமெல்லாம் மலர்ந்து அவரிடம் சொன்னாள்:

"எங்க பெரிய புள்ள எம்புட்டு அழகா எழுதுறா பாருங்க சார்."