செல்லம்மாள் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது

நர்ஸ் வேலையில் ஊசி போடுவது சுலபம். கட்டிலைச் சுற்றி நிற்கும் சொந்தக்காரர்களைச் சமாளிப்பதில்தான் பாதி ஆயுசு போய்விடும். ஆஸ்பத்திரி பெஞ்சில் பிளாஸ்கும் கையுமாக உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, நான் சொல்வது உங்களுக்கே புரியும். குத்தாலத்துக்குப் பக்கத்தில் பத்துக் கட்டில் போட்ட ஒரு நர்சிங் ஹோமில் அப்போது எனக்கு வேலை. தெருவுக்குத் தெரு ஐ.எஸ்.டி. பூத் முளைத்து, வீட்டுக்கு ஒரு பையன் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த வருஷங்கள். அந்த ஃபினாயில் வாசனை இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் மனசு அங்கேதான் போய் நிற்கிறது.

வீட்டுக்காரர் பேர் என்ன?

குறுவை நடவு நேரம். சேற்றில் கிடந்த நத்தை ஓடு காலைக் கிழித்து, சீழ் வைத்து, ஜுரத்தோடு வந்து சேர்ந்தார் செல்லம்மாள். சர்க்கரை வேறு. நடவுக்குப் போகும் பெண்களில் அவர்தான் கை வேகம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

புண்ணோடு ஜுரம் வந்தால் பேச்சையும் கவனி என்பது எங்கள் டாக்டரம்மாவின் சட்டம். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டால், பிரஷர் இறங்குவதற்கு முன்பே சிலருக்குப் புத்தி தடுமாறும். அதனால் வேளாவேளைக்குப் பேர், ஊர், கிழமை கேட்கவேண்டும். செல்லம்மாள் எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னார். வீட்டுக்காரர் பேரைக் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் திக்கென்றது. புத்தி தடுமாறுகிறதோ என்று மறுபடி கேட்டேன்.

"நல்லா இருக்கே நீ கேக்குறது! பேர நான் சொல்ல மாட்டேன். வெளியில நிக்கிறாரு, அவரையே கேட்டுக்க."

சொல்லிவிட்டார்

வெளியில் நின்றவர் பேர் கலியபெருமாள். அந்தப் பேரில் பெருமாள் இருப்பதால், செல்லம்மாள் பெருமாள் கோயிலைக்கூட 'நாமக்காரர் கோயில்' என்றுதான் சொல்வார் என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் எனக்கு விளக்கினார். அப்படிப்பட்டவர் மறுநாள் மத்தியானம், "டேய் கலியபெருமாளு, நாத்துக் கட்டு எங்கடா?" என்று வார்டே அதிரக் கூப்பிட்டார்.

வார்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் கலியபெருமாள் முகத்தில் ரத்தமே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக்கூடக் கழுவாமல் என்னிடம் ஓடிவந்தார். போய்ப் பார்த்தால் மூச்சு வேகமாக இருந்தது, பிரஷர் இறங்க ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா உடனே காலைக் கீறிச் சீழை வெளியேற்றி, மருந்தை மாற்றி, டிரிப்ஸை வேகமாக ஓடவிட்டார். "கிருமி மூளைக்குள்ள போகல. கிருமியோட உடம்பு போடுற சண்டையில மூளை தடுமாறுது" என்று கலியபெருமாளிடம் சொன்னார். அவர் எவ்வளவு புரிந்துகொண்டாரோ தெரியாது. அவர் ஓடிவந்து சொன்னது மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"சிஸ்டர், அவ என் பேரச் சொல்லிட்டா! சீக்கிரம் வாங்க!"

வாசலில் கார்

அதன் பிறகு செல்லம்மாளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் தூங்குவார், கொஞ்ச நேரம் செத்துப்போன அம்மாவோடு பேசுவார். கை மட்டும் சும்மா இருக்காது. படுக்கை விரிப்பைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து இழுப்பார், தட்டுவார், கட்டுவார், பக்கத்தில் வைப்பார்.

சீர்காழியிலிருந்து அவருடைய அண்ணன் வாடகைக் காரோடு வந்து இறங்கினார். செத்தவர்கள் வந்து கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், உயிர் வீட்டில்தான் போகவேண்டும், எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றார். தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் அதுதான் வழக்கம். பிழைப்பார் என்று டாக்டரம்மாவாலும் சத்தியம் செய்ய முடியவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோனால் பிழைக்கமாட்டார் என்று மட்டும் சொன்னார். மகன் பாண்டியன் மஸ்கட்டில். கலியபெருமாள் பூத்திலிருந்து பேசியபோது, லீவு தரமாட்டேன் என்கிறார்கள், நீங்களே முடிவு பண்ணுங்கப்பா என்று அழுதானாம்.

டிரைவர் காரைத் திருப்பி நிறுத்திவிட்டார். கலியபெருமாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாத்து பறிக்கிறா மச்சான். நட்டு முடிக்காம அவ எந்த வயலை விட்டும் கரையேறினதில்ல. காரை அனுப்பிடுங்க."

மறுபடியும் சுவர்ப் பக்கம்

ஜுரம் மெல்ல மெல்ல இறங்கியது. ஒரு காலையில் முகம் துடைத்துவிடும்போது செல்லம்மாள் என்னை நிதானமாகப் பார்த்தார். பேர் கேட்டேன், சொன்னார். ஊர் கேட்டேன், சொன்னார். கிழமை தப்பு, பரவாயில்லை. "உங்க வீட்டுக்காரர் பேரு?" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்!

வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அந்த மனுஷர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

"சொல்லலியா? நெசமாவே சொல்லலியா சிஸ்டர்?"

அறுவடை முடிந்து வந்தபோது

குறுவை அறுப்பு முடிந்து இரண்டு பேரும் ஓ.பி.க்கு வந்தார்கள். கால் ஆறிவிட்டது. ஆனால் அடுப்பில் உலை வைத்ததை மறந்துவிடுகிறாராம். நடவுப் பாட்டில் பாதியில் அடுத்த அடி வராமல் நின்றுவிடுகிறாராம். இப்படி ஒரு ஜுரம் வந்து போனால் சிலருக்கு ஞாபகம் திரும்பி வர நாளாகும், கொஞ்சம் வராமலே போனாலும் போகும் என்றார் டாக்டரம்மா. கலியபெருமாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். உலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

செல்லம்மாள் மாத்திரை வாங்கப் போன நேரத்தில் என் பக்கத்தில் வந்து, சின்னப் பிள்ளை மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப பேர் சொல்லிக் கூப்பிட்டாளே, பயத்துல எனக்குச் சரியாக் காதுல வாங்கக்கூட முடியல. இப்ப ஒரே ஒரு தரம் கூப்பிடச் சொல்லுங்களேன் சிஸ்டர்."

பிறகு நானும் மஸ்கட்டுக்குப் போய், கட்டிலுக்குக் கட்டில் மானிட்டர் வைத்த பெரிய ஆஸ்பத்திரியில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டேன், ஆனால் சோற்றுக் கையோடு ஓடிவந்த கலியபெருமாளைப் போல வேளையறிந்து அலறிய மெஷின் ஒன்றைக்கூட அங்கே பார்க்கவில்லை.