மனு அண்ணனின் வளைவு

எங்கள் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் அவருக்கு மனு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கோப்பில் இருக்கிறது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, கோடு போட்ட தாளில் ஒரு மனுவோடு வந்து நிற்பார். தாளின் ஓரத்தில் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருக்கும். பஞ்சர் ஒட்டுகிறவர், எவ்வளவு கழுவினாலும் அந்தக் கறை போகாது. "முத்திரை குத்தியே கொண்டு வந்துட்டாரு, வாங்கி வைப்பா" என்று கண்காணிப்பாளர் கிண்டலடிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. நெடுஞ்சாலை சரிவில் இறங்கிச் சட்டென்று திரும்புகிற இடத்தில் அவர் கடை. எதிரே பேருந்து நிறுத்தம். வேகமாக வருகிற வண்டிக்காரனுக்கு, திரும்பிய பிறகுதான் சாலையைக் கடக்கிற ஆள் கண்ணில் படுவார். அங்கே நடுவில் இரும்புத் தடுப்பு, கடக்கிறவர்களுக்கு ஒரு சிக்னல். ஆறு வருடமாக இதையேதான் எழுதிக்கொண்டிருந்தார்.

நான் சாலைப் பாதுகாப்புப் பிரிவின் எழுத்தர். பாதுகாப்பு நிதி எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதற்கு எங்களிடம் விதி உண்டு. மூன்று ஆண்டுக்குள், அரை கிலோமீட்டருக்குள், ஐந்து பேர் இறந்திருக்க வேண்டும். கை கால் போனதெல்லாம் கணக்கில் வராது. அந்த வளைவில் நான்கு. நான்கு பேரையும் முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர் மனு அண்ணன்தான். அதற்கென்றே கடையில் ஒரு போர்வை மடித்து வைத்திருந்தார். மனுவில் அவர்களைப் பற்றியும் எழுதுவார். ஒருவர் கழன்ற செருப்பை மாட்டிவிடச் சொன்னாராம். இன்னொரு பெண், பையிலிருந்த மாத்திரை யாருக்கு என்று சொல்வதற்குள் போய்விட்டாளாம். இதையெல்லாம் எழுத எங்கள் படிவத்தில் இடம் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை அவர் நகரவே மாட்டேன் என்று நின்றார். எனக்கு எரிச்சல். "நாலுதான் இருக்குண்ணே. இன்னும் ஒண்ணு வரட்டும், தானா கிடைச்சிடும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "யாரு சார் வரணும்?"

அடுத்த கோப்பை எடுத்துப் பிரித்தேன்.

ஐந்து மாதம் கழித்து வந்தது, அவர் மனைவி. தினமும் மதியச் சாப்பாட்டோடு பேருந்தில் வந்து எதிர்ப்பக்கம் இறங்குவார். கடை வாசலிலிருந்து இவர், வண்டி வருகிறதா என்று பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா காலை எடுத்து வைப்பார். இருபது வருட ஏற்பாடு அது. அன்றைக்கு இவர் ஒரு லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினார்.

அடிபட்ட பத்தாம் நாளே டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். இவர் விடவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார். முப்பத்து மூன்றாம் நாள் அந்த அம்மா போய்விட்டார்.

அடுத்த முதல் திங்கட்கிழமை அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். தாளில் கறை இல்லை, கடை திறந்து எத்தனையோ நாளாகிறது. "அஞ்சு ஆயிடுச்சு சார்" என்றார்.

ஆகவில்லை. விதியில் இன்னொரு வரி இருக்கிறது. விபத்து நடந்து முப்பது நாளுக்குள் இறந்தால்தான் சாலையில் இறந்த கணக்கு. அதையும் அவரிடம் எப்படியோ சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப, மூணு நாள் முன்னாடியே விட்டிருக்கணுமா சார்?"

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "அண்ணே, படிவத்தை நிரப்புறது நான்தான். இருபத்தொன்பதாம் நாள்னு போட்டுடறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. தடுப்பு வந்துடும்." வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "முப்பத்தி ஒண்ணாம் நாள்தான் சார் கண்ணையே தொறந்தா. சாப்டீங்களான்னு கேட்டா. நீங்க கையக் காட்டினீங்கல்ல, அதான் வந்தேன்னா. இல்லம்மா, வேர்வையத் தொடச்சேன்னு சொல்லிட்டேன். சிரிச்சா சார். போனாப் போகுது, அழாதீங்கன்னா. எனக்குன்னு இருக்கறது அந்த மூணு நாள்தான். அது நடக்கவே இல்லைன்னு எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்?"

மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நானும் படிவத்தை மூடிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். கண் சிவந்திருந்தது. "இன்னொருத்தன் வீட்டுச் சாப்பாடு அங்க சிந்த வேணாம் சார். பேனா குடுங்க" என்றார்.

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். அரசாங்கக் காகிதத்தில் அந்த அம்மா கண் திறக்கவே இல்லை.

தடுப்பு வந்துவிட்டது. சிக்னலும் எரிகிறது, இந்த ஒன்றரை வருடத்தில் அங்கே ஒரு உயிர்கூடப் போகவில்லை. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பஞ்சர் கடையில் நின்றுவிட்டுத்தான் வருவேன். எவ்வளவு வியர்த்தாலும் அவர் கையைத் தூக்குவதில்லை. தலையைச் சாய்த்துத் தோள் துணியில் துடைத்துக்கொள்கிறார்.