புழு இல்லாத தூண்டில்

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் லாரிகள் முடங்கியதும் எங்கள் மாட்டு வண்டிக்கு யோகம் அடித்தது. வளவனூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, விழுப்புரம் வழியாக வடக்கே திண்டிவனம் மண்டிக்குப் போகவேண்டும். ஓட்டுவது மாமா, அம்மாவின் தம்பி. முதல் இரண்டு நடையிலும் ஏலம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார்.

அப்பாவுக்குக் கிழட்டு மயிலைக் காளையின்மேல் சந்தேகம். அது நொண்டுகிறதென்றால் அடிமாட்டுக்குத் தள்ளிவிடுவதாக இருந்தார்.

"மாட்டு மேல குத்தம் இல்லீங்க. ஏரியப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காது. மீன் புடிச்சிக்கினு குந்திட்டேன்" என்று மாமா தாமாகவே பழியை வாங்கிக்கொண்டார். மீன் குழம்பை மோந்துகூடப் பார்க்காத மனிதருக்கு இப்படி ஒரு பைத்தியமா என்று வீடே சிரித்தது.

மூன்றாம் நடைக்கு ஒன்பது வயதான என்னைக் காவலுக்கு ஏற்றினார் அப்பா. "எங்க நிக்கறான், இன்னா பண்றான், எல்லாத்தையும் பாத்து வந்து சொல்லணும்." மறுநாள் அவர் ரயிலில் மண்டிக்கு வந்துவிடுவார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விழுப்புரம் தாண்டி முதல் ஏரியிலேயே வண்டி நின்றது. மாமா மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார். மயிலையின் முன்னங்காலில் வேப்பெண்ணெய் போட்டு வெகுநேரம் நீவிவிட்டார். பிறகு இரண்டு தூண்டில்களை எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினார். அண்ணன்மார் என்னைத் தொடவே விடாத தூண்டில்! காவல்காரி அந்த நிமிஷமே கட்சி மாறிவிட்டேன்.

"உன் முள்ளுல புழுவே இல்லியே மாமா?"

"ரெண்டு பேர்ல ஒருத்தர் புடிச்சா போதாதா? நீ புடி."

விக்கிரவாண்டிக்கு அப்பால் இன்னொரு ஏரி, அங்கேயும் இதே கதைதான். மீன்கள் என் புழுக்களைத் தின்று ஏப்பம் விட்டன. கூட்டேரிப்பட்டில் தங்கிவிட்டு விடியலில் கிளம்பினோம். திண்டிவனத்துக்குச் சற்று முன்னால் கடைசி ஏரியில் என் தக்கை சட்டென்று முங்கியது. உதவ வந்த மாமாவை "வராத, நான் பாத்துக்கறேன்!" என்று விரட்டினேன். பாவாடையோடு சேற்றில் விழுந்து புரண்டு, முழங்கை நீள விராலைக் கரையில் தூக்கிப் போட்டேன்.

"ஜல்தி ஏறு!" என்றார் மாமா. மயிலை வீசி நடந்தது. மண்டியில் எங்கள் கடைசி மூட்டையை இறக்கிய பிறகுதான் ஏல மணி அடித்தது.

அப்பா மயிலையைச் சுற்றிச் சுற்றி வந்து கால்களைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "வழியில இன்னா நடந்துச்சி?"

நான் விராலைத் தூக்கிக் காட்டினேன். எந்தெந்த ஏரி, எத்தனை புழு, எப்படி விழுந்தேன் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். ஏலத்துக்கு வந்தவர்களெல்லாம் கூடி நின்று கேட்டார்கள். அப்பா என் சேற்றுத் தலையில் கை வைத்துச் சிரித்தார். "மாடு நல்லாதான் இருக்குது. இந்த மீன் பைத்தியத்தத்தான் திருத்த முடியாது."

மாமா மயிலையின் கழுத்தில் முகத்தைச் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. என் விராலைப் பார்த்து வந்த ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து எனக்கு இன்னும் கர்வம் ஏறியது.

அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன் என்றுதான் வெகுநாள் நம்பியிருந்தேன். வேப்பெண்ணெய் தேய்த்ததை மட்டும் சொல்லவில்லை. அதைப் போய் யாராவது கேட்பார்களா என்று விட்டுவிட்டேன்.