உயரமான குட்டி

எங்கள் மட்டக்குதிரை லட்சுமி என் நெஞ்சளவுதான் இருப்பாள். வளப்பூருக்குச் சுற்றுலா வருகிறவர்களைச் சுமப்பாள். "இதுல ஏறினா என் கால் ரோட்டுல கோடு போடும்" என்று ஒருவன் சிரித்தான். அவமானப்பட்ட என் கணவர், உயரமான குட்டி வேண்டுமென்று அவளைக் காளப்பநாயக்கன்பட்டிக்கு ஓட்டிப்போய்ப் பெரிய ஆண் குதிரையோடு சேர்க்கக் கிளம்பினார்.

"அவ வயிறு சின்னதுங்க, வேண்டாமுங்க" என்று கத்தினேன்.

"உனக்கென்ன புள்ள தெரியும்? பேசாம இரு."

பதினோரு மாதம் கழித்து, பிரசவத்தில் குட்டி சிக்கிக்கொண்டது. மருத்துவர் வந்து இழுத்து எடுத்தார். லட்சுமி செத்துப்போனாள். கணவரைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் குட்டி நீளக் கால்கள் நடுங்க எழுந்து தாயின் மடியை முட்டியது. "பால் இல்ல சாமி" என்று அவர் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்.

இப்போது அது அவர் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஏறலாமா என்று கேட்கிறவர்களிடம், "இது சவாரிக்கு இல்லீங்க" என்கிறார்.

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது அவருக்கும் தெரியும்.