ஒரே டயரை இரண்டு தடவை மாட்டிய சனிக்கிழமை

டயர் வந்து சேர்ந்தது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. வந்திருக்க வேண்டியது செவ்வாய்க்கிழமை. கூரியர் கொண்டு வந்தவரிடம் நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நானும் அம்மாவும் என் மோட்டார் பைக்கில் வேளாங்கண்ணிக்குக் கிளம்ப வேண்டும். வண்டியின் பின் டயரோ நடுவில் தேய்ந்து தட்டையாகி, ஓரிடத்தில் உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆனது. எழுந்து நடந்தால் வருகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள், நடந்துவிட்டாள். தம்பியின் காரில் போய்விட்டு வந்திருக்கலாம். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"கார்ல போனா ஏசில தூங்கிப்போடுவேன். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. உன்ற வண்டிலதான் போகோணும்" என்றாள்.

பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபம் செய்கிற அன்பியக் கூட்டத்தில் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரிடமும் இதைச் சொல்லிவிட்டாள். இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அம்மா ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் சீரியல் பார்த்தாள். பழகிக்கொள்கிறாளாம். தம்பி காலையில் போன் செய்து, "டயர் வல்லைன்னா சொல்லுங்க, நான் காரை எடுத்துட்டு வாரேன்" என்றான். அம்மா போனை வாங்கி, "நீ நல்லாத் தூங்கு கண்ணு" என்று வைத்துவிட்டாள்.

கடையில் கொடுத்து மாற்றலாமே என்று கேட்பீர்கள். போன தடவை ஒரு கடையில் மெஷினில் போட்டு என் ரிம்மில் விரல் நீளத்துக்குக் கோடு இழுத்தார்கள். "மெஷின்ல அப்படித்தானுங்க வரும்" என்றார்கள். நான் போட்ட சத்தத்தில் அந்தக் கடைக்கு இனி நான் போக முடியாது. இன்னொரு கடையில் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தின் அகலத்தைப் பார்த்துவிட்டு, "காத்து வேணா அடிச்சுத் தாரேனுங்க. கழட்டி மாட்டறது நம்மளால ஆவாதுங்க" என்றார்.

சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். வார்ப்பட ஆலையில் தரப் பரிசோதனை பார்க்கிறவள் நான். பம்ப் உறைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஓட்டை இருந்தால் ரிஜெக்ட் என்று சிவப்புக் கோடு போடுவது என் வேலை. இருபத்தாறு வருடமாக அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். ஒரு டயர் என்ன பெரிய டயர்.

புது டயரை மொட்டை மாடி வெயிலில் போட்டேன். சூடேறினால் ரப்பர் இளகும். வண்டியைப் போர்டிகோவில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன். இருநூற்றைம்பது கிலோ. அச்சு நட்டு அசையவில்லை. ஸ்பேனரின் பிடியில் மூன்றடி இரும்புக் குழாயைச் செருகி அதன் மேல் ஏறி நின்றேன். ஒரு சத்தம் போட்டுவிட்டு நட்டு இளகியது. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆனது. அச்சைத் தட்டி உருவினேன், சங்கிலியைக் கழற்றினேன், பிரேக்கைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். சக்கரம் என் மடிமேல் வந்து விழுந்தது. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. காற்றை இறக்கியாகிவிட்டது. ஆனால் டயரின் விளிம்பு ரிம்மைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதை முதலில் உள்பக்கமாக அமுக்கி விடுவித்தால்தான் டயரைக் கழற்ற முடியும். மிதித்தேன். குதித்தேன். கடப்பாரையால் நெம்பினேன்.

"நானும் வந்து ஏறட்டுமா?" என்றாள் அம்மா.

"உங்க முட்டி போச்சுன்னா டாக்டர் என்னைத்தான் வைவாரு. உக்காருங்க."

ஒரு டன் கனமாவது மேலே வேண்டும். எதிர் வீட்டில் அது நின்றது. இளநீர் ஏற்றுகிற டெம்போ. அதன் சொந்தக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். பொள்ளாச்சிப் பக்கத் தோப்புகளில் ஏற்றிக் கோயம்புத்தூர்க் கடைகளுக்கு இறக்குகிறவர். அவரோடு நான் நான்கு மாதமாகப் பேசுவதில்லை. எங்கள் கேட்டுக்குக் குறுக்கே அந்த டெம்போவை நிறுத்தியிருந்தார் என்று ஒருநாள் சண்டை வந்தது. இன்னொரு தடவை நிறுத்தினால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நொய்யல் ஆற்றில் இறக்கிவிடுவேன் என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"செரிங்க. தள்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, லோடை எறக்கிக்கறேனுங்க" என்றார்.

இந்த ஊரில் இது ஒரு தொல்லை. திட்டினால்கூட ங்க போட்டுத் திட்டுவார்கள். நம்முடைய கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாது.

அம்மா பூண்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். ஹெல்மெட் அவள் நாற்காலிக்குக் கீழே இருந்தது. நான் எதிர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"உங்க டெம்போ வேணும்" என்றேன்.

"நொய்யலுக்குங்களா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து டெம்போவைப் பின்பக்கமாக எங்கள் கேட்டுக்குள் நுழைத்தார். சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து டெம்போவின் அடிச்சட்டத்துக்கு நேர் கீழே தள்ளினோம். டயரின் மேல் அவருடைய ஜாக்கியை நிறுத்தினோம். ஜாக்கி மேலே டெம்போவைத் தூக்க, கீழே டயரை அமுக்க வேண்டும். நான் பிடியை அடித்தேன். டெம்போவின் பின்பக்கம் மெல்ல எழுந்தது. டயர் நசுங்கியது. இன்னும் அடித்தேன். டொப் என்று ஒரு சத்தம். விளிம்பு விட்டுவிட்டது. அம்மா கை தட்டினாள். நானும் கத்திவிட்டேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

மறுபக்கமும் அப்படியே. பழைய டயரை இரும்பு லிவரால் நெம்பிக் கழற்றினோம். ரிம்மில் கீறல் விழாமல் இருக்க எண்ணெய் கேன் பிளாஸ்டிக்கை வெட்டி விளிம்பில் செருகியிருந்தேன். மாடியிலிருந்து புது டயரைத் தூக்கி வந்து சோப்புத் தண்ணீர் தடவினேன். நல்ல சூடு, நல்ல பதம். கை நிற்கவில்லை எனக்கு.

"ஏனுங்கக்கா, டயர்ல ஒரு அம்பு போட்டிருக்குதுங்க" என்றார்.

"லிவரைப் புடிங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "தப்பா நெனைக்காதீங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்றார்.

"வாயை மூடிட்டு அந்தப் பக்கம் மிதிங்க."

"செரிங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று மிதித்தார்.

சக்கரத்தை டெம்போவில் ஏற்றிப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்று அடித்தோம். டப், டப் என்று இரண்டு சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் விளிம்பு உட்கார்ந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு டயர் வாங்கலாம். திரும்பி வந்து சக்கரத்தை மாட்டி, அச்சைச் செருகி, நட்டை முறுக்கினேன். மணி மூன்று. எழுந்து நின்று சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன்.

அம்பு பின்பக்கம் பார்த்தது.

டயர் எந்தப் பக்கம் உருள வேண்டும் என்று காட்டத்தான் அந்த அம்பு. முன்னால் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் மழைத் தண்ணீரை ஒதுக்கவேண்டிய கோடுகள் தலைகீழாகிவிடும். சக்கரம் படுத்துக் கிடந்தபோது எது இடது எது வலது என்று நான் குழம்பியிருக்கிறேன். ஓடும், விழுந்துவிடாது என்று ஒரு நிமிடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அம்மாவைப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் மழை என்று காலையில்தான் டிவியில் சொன்னார்கள்.

"இதை நீங்க பாத்தீங்களா?" என்று டெம்போக்காரரைக் கேட்டேன்.

"பாத்தேனுங்க."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"ரெண்டு தடவை சொன்னேனுங்க. மூணாவது தடவை சொன்னா மரியாதையா இருக்காதுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரைத் தோட்டத்தில் எறிந்தேன். பிறகு நானே போய்ப் பொறுக்கி வந்தேன். கழற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நான்கு மணிக்கு அவர் லோடு ஏற்றக் கிளம்ப வேண்டும். டெம்போ இல்லாமல் எனக்கு ஒன்றும் ஆகாது. கேட்க வாய் வரவில்லை. அவர் சற்றுத் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார். "தோப்புக்கு ஏழு மணிக்கு வாரேனுங்க. இங்க வேளாங்கண்ணிக்குப் போற வண்டிங்க" என்றார்.

அம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு எங்களுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, இவகிட்ட ங்க போட்டுப் பேசுனா காதுல ஏறாது. அதட்டுங்க. நான் சொல்றேன், அதட்டுங்க."

"அதெப்படிங்கம்மா."

"அதட்டுனாத்தான் நாளைக்கு நான் போவேன்."

அவர் தொண்டையைச் செருமினார். "ஏக்கா, கையை எடு" என்றார். ஒரு விநாடிகூடப் பொறுக்க முடியாமல், "ங்க" என்றார். அம்மா சிரித்ததில் பூண்டுத் தோல் பறந்தது.

ஆனால் மனிதர் சீக்கிரம் பழகிக்கொண்டார். "அங்க வெக்காத, இங்க வெய்யி. அம்பைப் பாரு. இப்ப எந்தப் பக்கம் பாக்குது? வாயத் தொறந்து சொல்லு." சொன்னேன். "இப்ப மிதி." மிதித்தேன். முதல் தடவை மூன்று மணி நேரம் ஆன வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஜாக்கி, டொப், லிவர், சோப்புத் தண்ணீர், எல்லாம் அவர் சொல்லச் சொல்ல. கடைசி லிவரைப் போடும்போது அவருக்கு முகமெல்லாம் வேர்வை. சூட்டோடு சூடாக இன்னொன்றும் சொன்னார்.

"நாலு மாசமாச் சொல்லோணும்னு இருந்தேன். உன்ற வண்டியக் காத்தால நீ ஸ்டார்ட் பண்ணறப்ப எங்க ஊட்டு ஜன்னலெல்லாம் அதிருது. ராத்திரி லோடு எறக்கிட்டு வந்து அப்பத்தான் கண்ணை மூடறேன்."

"அப்படியா?" என்றேன்.

"ஆமா" என்றார். அப்புறம் நினைவு வந்து, "ங்க" என்றார்.

கேட்டுக்குக் குறுக்கே டெம்போவை நிறுத்திய காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மனிதர் வாயால் சொல்ல முடியாததை வண்டியால் சொல்லியிருக்கிறார்.

பஞ்சர் கடையில் மறுபடி டப், டப். சக்கரத்தை மாட்டி முடித்தபோது வெளிச்சம் இருந்தது. சுற்றிப் பார்த்தேன். அம்பு முன்னால் பார்த்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அவர் இளநீர் ஏற்றக் கிளம்பிப் போனார்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு நான் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. கியரை நியூட்ரலில் போட்டு, பெட்டிகளோடு, தெருமுனை வரை தள்ளுவது என்று முடிவு செய்திருந்தேன். பத்தடி தள்ளியதும் மூச்சு வாங்கியது. திடீரென்று வண்டி லேசானது. பின்னால் டெம்போக்காரர் பனியனோடு நின்று தள்ளிக்கொண்டிருந்தார். அம்மா ஹெல்மெட் மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். அன்பியத்துப் பெண்கள் இரண்டு பேர் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கை காட்டினாள்.

தெருமுனையில் அவள் ஏறி உட்கார்ந்தாள். முட்டி நன்றாக மடங்கியது.

"பாத்துப் போங்க" என்றார் அவர்.

"இன்னும் சத்தமாச் சொல்லுங்க தம்பி, அவ ஹெல்மெட் போட்டிருக்கா" என்றாள் அம்மா.

ஸ்டார்ட் செய்தேன். புது டயர் முதலில் வழுக்கும் என்பதால் பல்லடம் தாண்டும் வரை மெதுவாகவே ஓட்டினேன். பின்னாலிருந்து அம்மா என் தோளைத் தட்டினாள்.

"ஏன் கண்ணு, அந்தத் தம்பி டெம்போவே இதைவிட வெரசாப் போகுமே."