அத்தையை எந்தப் பக்கத்தில் எழுதுவது

நான் ஏழாவது படித்த வருடம் எங்கள் வீட்டில் கூடி வந்த ஒரு கல்யாணம் நின்றுபோனது. நிறுத்தியது நான்தான். இங்கிலீஷ் வீட்டுப்பாடம்தான் அதற்குக் காரணம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அப்பாவும் நம்பவில்லை.

பாடத்தில் ஸாக் என்று ஒரு வார்த்தை வந்தது. நாலு வரி தள்ளி ட்ரூப் என்று இன்னொன்று. கடையில் விற்கும் நோட்ஸில் இரண்டுக்கும் ‘தொங்குதல்’ என்று ஒரே அர்த்தத்தைப் போட்டு வேலையை முடித்திருந்தார்கள். எங்கள் இங்கிலீஷ் டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கயிற்றைக் கட்டி, அதில் தன் கைப்பையை மாட்டினார். கயிறு நடுவில் இறங்கியது. பையை எடுத்ததும் ஏறிக்கொண்டது. இது ஸாக் என்றார். பிறகு காலையில் தலையில் வைத்துக்கொண்டு வந்த ரோஜாவை எடுத்துக் காட்டினார். காம்பு வளைந்து பூ ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“இது மேல யாராவது பையை மாட்டினாங்களா? உள்ள இருந்த தெம்பு போயிடுச்சு, சாய்ஞ்சிடுச்சு. இது ட்ரூப். கனத்தால இறங்கினா கனத்தை எடுத்தா போதும். வாடி இறங்கினா தண்ணி ஊத்தணும். ரெண்டும் ஒண்ணுன்னு எழுதினா மார்க் கிடையாது.”

திங்கட்கிழமைக்குள் வீட்டில் கண்ணில் படுவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஐந்து உதாரணம் எழுதி வர வேண்டும். நோட்டில் இடது பக்கம் ஸாக், வலது பக்கம் ட்ரூப் என்று தலைப்புப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். கயிற்றுக் கட்டில், துணிக்கொடி, வெண்கலப் பாத்திரங்களைச் சுமக்கும் பரண் பலகை ஆகிய மூன்றும் சுலபமாக இடது பக்கம் போயின. மழை ஈரத்தில் தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூல் தொய்ந்திருந்தது. அதன்மேல் கனம் ஒன்றும் இல்லையே என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் அப்பா பின்கயிற்றை இழுத்துக் கட்டியதும் பாவு விறைத்துக்கொண்டதால் அதையும் இடது பக்கத்தில் சேர்த்தேன். வலது பக்கத்துக்குத் தொட்டித் துளசி, முந்தாநாள் வாங்கிய கீரைக்கட்டு, எதிர்வீட்டில் காய்ச்சல் கண்ட கன்றுக்குட்டியின் காது, மத்தியானச் சேம்பிலை. அப்பாவின் மீசையையும் எழுதிப் பார்த்து, பயந்து அழித்துவிட்டேன். இரண்டு பக்கமும் நாலு நாலு ஆயிற்று. ஐந்தாவதுதான் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அத்தை கண்ணில் பட்டாள். அப்பாவின் ஒரே தங்கை. வயது இருபத்தாறு. எங்கள் வீட்டில் கோர்வைப் புடவைதான் நெய்வார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதற்கு ஒரு ஆள் போதாது. அப்பா நடுவில் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் வைத்த நாடாக் கட்டையை வாங்கித் திருப்பிப் போட வேண்டும். பத்து வருடமாக அந்த இன்னொருவர் அத்தைதான். அவள் கை ஓடுகிற வேகத்துக்கு அப்பாவே சில சமயம் பின்தங்கிவிடுவார்.

அந்த அத்தை பத்து நாளாகக் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டை அளைந்தாள். கூப்பிட்டால் இரண்டாவது குரலுக்குத்தான் திரும்பினாள். ஓரிக்கையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வந்ததும், “தீபாவளி வேலை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்பா” என்று அப்பா வாசலோடு அவர்களை அனுப்பியதும் அந்தப் பத்து நாளுக்கு முன்னால்தான். அப்படி அனுப்பப்பட்டது மூன்றாவது இடம். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. எனக்கு வேண்டியது ஐந்தாவது உதாரணம்.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவளிடமே கேட்டேன். இரண்டு வார்த்தையையும் டீச்சர் போலவே விளக்கினேன்.

“நீ எதுல வர்ற அத்தை?”

அத்தை நோட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. “எந்தப் பக்கம் எடம் இருக்குதோ அங்க எழுதிக்கமா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு பக்கமும் இடம் இருந்ததுதான் என் கஷ்டம்.

இதற்கிடையில் அம்மா அப்பாவோடு ஒரு பெரிய சண்டை போட்டு, தன் சித்தப்பா மூலமாக ஆரணியிலிருந்து ஒரு இடத்தை வரவழைத்துவிட்டாள். அவர்களும் தறிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. உடுத்தப் பட்டுப்புடவைக்கு எங்கே போவது? ஊருக்கெல்லாம் பட்டு நெய்யும் வீட்டில் பட்டு இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள்தான் நினைப்பார்கள். அம்மாவின் கூறைப்புடவை இழை விட்டிருந்தது. சனிக்கிழமை தறியிலிருந்து அறுத்த அரக்குச் சிவப்புப் புடவை ஒன்று மடித்து வைத்திருந்தது. திங்கட்கிழமை முதலாளி கடையில் சேர வேண்டிய சரக்கு. அம்மா யாரையும் கேட்காமல் அதை எடுத்து அத்தைக்குக் கட்டிவிட்டாள். இரட்டைக் கரை, முழம் அகல முந்தி, அத்தனையும் ஜரிகை. கட்டிவிட்டுக் கட்டளைகளும் போட்டாள்: சுவரில் சாயக்கூடாது, காபித் தட்டைத் தள்ளிப் பிடிக்க வேண்டும், என்ன ஆனாலும் வியர்க்கக்கூடாது.

அன்று காலை அத்தை துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஏதோ மெட்டை முனகினாள். எனக்கு ஜடை பின்னிவிட்டு, கன்னத்தைக் கிள்ளினாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மறந்தும் போனேன்.

ஆரணிக்காரர்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல உயரம், சிரித்த முகம். மாப்பிள்ளை கூடத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றாள். தலை குனிந்திருந்தது. மோவாய் கழுத்தில் பதியும் அளவுக்குக் குனிந்திருந்தது. அவள் தோளில் அந்த ஜரிகை முந்தி. என் மனதில் டீச்சரின் கைப்பை ஆடியது. விடை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“புடவை ரொம்ப கனம். அதான் எங்க அத்தையால நிமிர முடியல. அதைக் கழட்டிட்டா நிமிர்ந்துடுவாங்க. எப்படியும் அது எங்க புடவை இல்ல, நாளைக்குக் கடையில குடுக்கணும்” என்றேன்.

அம்மாவின் முகம் செத்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். “தறியில இருந்து எறங்கின மடிப்பு எனக்குத் தெரியாதாமா? எங்க வீட்லயும் இப்படித்தான் பொண்ணு காட்டினோம்” என்றாள். கூடமே சிரித்தது. குனிந்தபடியே அத்தையும் சிரித்தாள், தோள் குலுங்கியது.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். இவ்வளவு பேர் சிரித்துப் பார்த்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“பத்து நாளாவே இப்படித்தான் கழுத்து தொங்கிக்கினு இருக்குது. சாப்பிடவும் மாட்டேங்கறாங்க” என்றேன்.

அந்த அம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது. “பத்து நாளாவா? உடம்புக்கு இன்னா?” என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லை என்று இரண்டு தரம் சொன்னதே தப்பாகிவிட்டது. தறிவீட்டுக்கு வரும் மருமகள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை முதுகு நிமிர்த்தி உட்கார வேண்டும். கழுத்து நிற்காத பெண்ணை யார் கொண்டுபோவார்கள்? சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதோ சீக்கு என்ற பேச்சு மட்டும் ஆரணியிலிருந்து கிளம்பி ஊர் ஊராக எங்களுக்கு முன்னால் போய் நின்றது.

அப்பா என் முதுகில் இரண்டு வைத்தார். ஆனால் விளக்கம் சொல்ல ஆரணிக்கு ஆள் அனுப்பு என்று அம்மா எத்தனையோ தரம் சொல்லியும் அவர் அனுப்பவே இல்லை.

எனக்கும் கல்யாணமாகி, என்னைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் நானும் ஒரு நாள் குனிந்து நின்ற பிறகுதான் இது உறைத்தது. அன்று அத்தையின் தலை கனத்தால் இறங்கவில்லை. வாட்டத்தாலும் இல்லை. அது வெறும் வெட்கம். அதற்கு என் நோட்டில் பக்கமே கிடையாது. பத்து நாள் வாடியிருந்தவள் அன்று காலைதான் துளிர்த்திருந்தாள். அதை வெட்டிப் போட்டவள் நான். அதற்குப் பிறகு அத்தைக்குக் கல்யாணம் நடக்கவே இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது புடவை கடைக்குப் போயிருந்தது. தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக, கழுத்து நேராக, கண் பாவின் மேல். எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, இடது பக்கத்தில் ஐந்தாவதாக ‘எங்கள் அத்தை’ என்று எழுதினேன்.

“என்னை எதுல எழுதின?” என்றாள் அத்தை, நாடாவை நிறுத்தாமல்.

“ஸாக்ல. கனத்தை எடுத்ததும் நிமிர்ந்துட்ட இல்ல?”

அத்தையின் கை நின்றது. அப்பா அவளைப் பார்க்கவில்லை. அப்பா இழுத்துக் கட்டியிருந்த பாவின் மேல் அவள் ஒரு விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“சரி, அப்படியே இருக்கட்டும்மா” என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டாளே என்று நான் அந்த வரியின் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன்.