அத்தானின் நேர்முக வர்ணனை

குத்துச்சண்டையில் எந்த முறை சிறந்தது என்று தெரியாத தமிழனை நான் லண்டனில் சந்தித்ததில்லை. கையுறை போட்டுப் பார்த்தவன் ஒருவனும் அவர்களில் இல்லை. அக்காவைக் கட்டிய அத்தான் அவர்களுக்கெல்லாம் தலைவர். சுவிஸிலிருந்து வந்து தென் லண்டனில் மிட்சம் பகுதியில் மீன்கடை போட்டிருந்தார். மீன் வெட்டுகிற கத்தியை வீசி வீசி வகுப்பெடுப்பார்.

"முன்னுக்குப் போய் அடிக்கிறவன்தான் வீரன். உன்னை மாதிரிப் பின்னுக்குப் பின்னுக்குப் போறவன் ஏன் ரிங்குக்குள்ள ஏற வேணும்? பஸ் ஸ்டாப்பில போய் நிக்கலாமே!"

மீன் வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் எதிரியை வரவிட்டு அடிக்கிற ரகம். அவன் வீசிய கை வெறுங்காற்றில் போய், நிலை தடுமாறும்போது கொடுக்க வேண்டும். பாய்ந்து பாய்ந்து அடிக்கிறவன் கைதட்டல் வாங்குவான், நாங்கள் புள்ளி வாங்குவோம். அதற்கு மூளை வேண்டும். மீன் தலையையும் மனிதத் தலையையும் ஒன்றாகப் பார்ப்பவருக்கு அது எப்படிப் புரியும்?

குரோய்டன் போட்டிக்கு முந்திய ஞாயிறு, அக்கா வீட்டுச் சாப்பாட்டில், ரோசம் தாங்காமல் எழுந்து செய்தே காட்டினேன். "இடக்கையைக் கொஞ்சம் கீழ விடுவன். முகம் திறந்து கிடக்குது எண்டு அவன் வலக்கையால அடிக்க வருவான். நான் தலையைச் சரிச்சுப்போட்டு என்ர வலக்கையால குடுப்பன்."

அத்தான் சோற்றுக் கையோடு வாயைப் பிளந்தார். "அட, இது சுழியன் வேலையல்லோ! நல்ல தந்திரம்!"

அந்தப் போட்டியில் வென்றால் கிளப் அணியோடு டப்ளின் போகலாம். குளிர்காலம் முழுக்க, வேலைக்குப் போகுமுன் அதற்காகத்தான் ஓடினேன். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அத்தான் மீன் ஏற்றுகிற வான் நிறைய ஆட்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எதிரி தோர்ன்டன் ஹீத்தில் வளர்ந்தவன், பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். முதல் ரவுண்டில் அவன் வந்தபோதெல்லாம் வாங்கினான்.

இரண்டாம் ரவுண்டில் அத்தானுக்கு ஞானம் பிறந்துவிட்டது. எழுந்து நின்று, கூட்டி வந்தவர்களுக்கு விளக்கத் தொடங்கினார், அதுவும் சந்தைக் குரலில்.

"இப்ப பாருங்கோ, இடக்கையைக் கீழ விடுவான்! அது பொறி! மற்றவன் வலக்கையால வருவான், இவன் தலையைச் சரிப்பான்!"

இந்த மண்டபத்தில் எவனுக்குத் தமிழ் தெரியப்போகிறது என்ற துணிவு. பஸ்ஸில் பக்கத்து ஆளைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே கதைக்கிற அதே துணிவு. எங்கள் சனத்தின் பொதுச் சொத்து அது.

நானும் அதே துணிவில் இடக்கையை இறக்கினேன். எதிரி வலக்கையைச் சும்மா அசைத்துக் காட்டினான். நான் தலையைச் சரித்த பக்கம் அவனுடைய இடக்கை வந்து நின்றது. விழுந்து கிடந்தபடி அத்தானின் தீர்ப்பைக் கேட்டேன்: "நான் அப்பவே சொன்னனான், முன்னுக்குப் போயிருக்க வேணும்!"

உடுப்பு மாற்றி வெளியே வந்தபோது எதிரி கை கொடுத்தான். "சுகமோ அண்ணை?" என்று என்னைக் கேட்டுவிட்டு அத்தானிடம் திரும்பினான். "நீங்கள் சொன்னது பெரிய உதவி."

நோர்பரியில் யாழ்ப்பாணத்தார் ஒருவரின் கடையில் நெடுநாள் வேலை செய்தவனாம்.

அத்தானைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது. கேள்விச் செவியன் ஊரைக் கெடுத்தான் என்பார்கள். இவர் கெடுத்தது என் டப்ளினை. அவருக்கோ வெட்கம் மருந்துக்கும் இல்லை.

"ஐயோ, எவ்வளவு வடிவாத் தமிழ் கதைக்கிறான் பாருங்கோ!" என்று பூரித்து, அவன் தோளில் கை போட்டு, வான்கூட்டம் முழுவதையும் சுற்றி நிற்க வைத்தார். பிறகு கேமராவை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, எல்லாரும் விழுகிற மாதிரி ஒரு படம் எடு."

வீங்காத கண்ணால் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.